மருத்துவக் கலைச்சொற்களில் கிரேக்கச் சொற்கூறுகள்: பொருள் மாற்றமும் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய மருத்துவக் கலைச்சொற்களில் பெரும்பகுதி கிரேக்க வேர்களாலும் ஒட்டுகளாலும் ஆனது. இக்கூறுகளின் மூலப்பொருளை அறிந்தால் கலைச்சொல்லின் பொருள் விளங்கும் என்பது பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் கருத்து. ஆயினும் தமனி, அழற்சி, கட்டி, கண் நோய் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றை நோக்கினால், மூலப்பொருளும் இன்றைய பொருளும் பல இடங்களில் பிரிந்தே நிற்கின்றன. கிரேக்கச் சொற்கூறுகளின் பயன் அவற்றின் சொற்பிறப்பில் இல்லை, மருத்துவர்கள் அவற்றுக்குக் காலந்தோறும் அளித்துவந்த மரபு வரையறையில் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இம்முடிவு தமிழில் மருத்துவக் கலைச்சொல் ஆக்குவோர்க்கு எவ்வாறு பொருந்தும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், கிரேக்கச் சொற்கூறுகள், சொற்பிறப்பு, மருத்துவ வரலாறு, அழற்சி, தமனி.

முன்னுரை

மருத்துவக் கல்வியில் நுழையும் மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படுபவற்றுள் ஒன்று சொற்கூறுகளின் பட்டியல். ‘நெஃப்ரோ’ என்றால் சிறுநீரகம், ‘ஹெப்பட்டோ’ என்றால் கல்லீரல், ‘-ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, ‘-ஓமா’ என்றால் கட்டி என்று அப்பட்டியல் அமையும். கூறுகளை இணைத்தால் நோயின் பெயர் கிடைக்கும்; பிரித்தால் பொருள் கிடைக்கும். இம்முறை கற்பதற்கு எளிது. ஆனால் இச்சமன்பாடுகள் பண்டைக் கிரேக்கத்திலிருந்து அப்படியே வந்தவை என்ற எண்ணத்தையும் அது உடன் விதைக்கிறது.

தமிழில் கலைச்சொல் ஆக்குவோரையும் இவ்வெண்ணம் தொடர்ந்து வந்துள்ளது. கிரேக்கச் சொல்லைப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் நேரான தமிழ்ச்சொல் இட்டால் சரியான கலைச்சொல் அமைந்துவிடும் என்று கருதுவோர் உளர். இக்கருத்தை மதிப்பிடுவதற்கு அச்சொற்கூறுகள் தம் மூலமொழியில் என்ன பொருளில் வழங்கின, எவ்வழியே இன்றைய பொருளை அடைந்தன என்று அறிவது இன்றியமையாதது.

1. வழக்குச் சொற்களாக இருந்த கலைச்சொற்கள்

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில் ஏறத்தாழ அறுபது நூல்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் அயோனியக் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. அவற்றை எழுதியோர் தனியொரு கலைச்சொல் மொழியை வகுத்துக்கொள்ளவில்லை. சமையற்கட்டிலும் வேளாண்மையிலும் வேட்டையிலும் புழங்கிய சொற்களே மருத்துவத்திற்கும் பயன்பட்டன. புண்ணுக்கும் கட்டிக்கும் வழங்கிய ‘கார்க்கினோஸ்’ என்ற பெயர் கடற்கரையில் ஊரும் நண்டின் பெயரே.

நண்டு உவமை பல மொழிகளில் தொடர்ந்தது. லத்தீனில் ‘கேன்சர்’ என்றும் அரபியில் ‘சரத்தான்’ என்றும் நண்டைக் குறிக்கும் சொற்களே இந்நோய்க்குப் பெயராயின. தமிழின் ‘புற்று’ இவ்வழியில் வந்ததன்று. மண்ணிலிருந்து மேலெழுந்து வளரும் புற்றின் தோற்றத்தை அது உவமையாகக் கொள்கிறது. கிரேக்கச் சொல்லின் உவமையைப் பின்பற்றாமலே அதற்கு இணையான கலைச்சொல்லாக இயங்க முடியும் என்பதற்கு ‘புற்றுநோய்’ ஒரு சான்று.

2. தமனியும் மூச்சுக்குழலும்

சொல்லின் பொருள் இடம்பெயர்வதற்கு ‘ஆர்த்தீரியா’ தெளிவான எடுத்துக்காட்டு. ஹிப்போகிரட்டீஸ் தொகுதியில் இச்சொல் பல இடங்களில் மூச்சுக்குழலைக் குறிக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோஸ் தீவினரான பிரக்சாகொரஸ் துடிக்கும் குழாய்களைச் சிரைகளிலிருந்து பிரித்துக் காட்டினார். சிரைகளில் குருதியும் துடிக்கும் குழாய்களில் ‘நியூமா’ என்னும் உயிர்க்காற்றும் செல்வதாக அவர் கருதினார். அடுத்த நூற்றாண்டில் எராசிஸ்ட்ரட்டஸும் இக்கருத்தைக் கொண்டிருந்தார். இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்படுவது இதற்குத் துணைசெய்தது. மூச்சுக்குழலும் தமனியும் காற்றுச் செல்லும் வழிகளாகக் கருதப்பட்டமையால் ஒரே பெயர் இரண்டுக்கும் பொருந்திற்று.

இரண்டையும் வேறுபடுத்த வேண்டிய தேவை எழுந்தபோது மூச்சுக்குழலுக்கு ‘ட்ராக்கேயா ஆர்த்தீரியா’, அதாவது ‘சொரசொரப்பான ஆர்த்தீரியா’ என்ற தொடர் வழங்கலாயிற்று. அதன் குருத்தெலும்பு வளையங்களின் மேடுபள்ளமே இவ்வடைமொழிக்குக் காரணம். காலப்போக்கில் பெயர்ச்சொல் தமனிக்கே உரியதாகி, மூச்சுக்குழலுக்கு அடைமொழி மட்டும் எஞ்சியது. இன்று ‘ட்ரக்கியா’ என்று வழங்கும் சொல்லில் மூச்சும் இல்லை, குழலும் இல்லை. ‘சொரசொரப்பான’ என்ற பண்பு மட்டுமே உள்ளது. இமையின் உட்புறம் சொரசொரப்பாகும் கண்நோய்க்கு வழங்கும் ‘ட்ரக்கோமா’ என்ற பெயரும் இதே அடிச்சொல்லிலிருந்து பிறந்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி இடைப்பகுதியைத் திறந்து, உள்ளே குருதியே இருப்பதைக் காட்டினார். காற்றுக்கோட்பாடு தளர்ந்தது, பெயர் மாறவில்லை. பெயருக்குப் பின்னிருந்த கோட்பாடு வீழ்ந்த பின்னரும் பெயர் நிலைத்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

தமிழ் வழக்கும் இதனோடு ஒப்பிடற்குரியது. ‘தமனி’ வடமொழி ‘தமனீ’ என்பதன் வழிவந்தது. அதன் வினையடி ‘ஊதுதல்’ என்ற பொருளுடையது. ஊதுகுழல், குழாய் என்ற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. சொற்பிறப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், குருதி செல்லும் குழாய்க்குத் ‘தமனி’ பொருந்தாப் பெயராகும். ஆயினும் இச்சொல்லைக் கேட்கும் தமிழ் மாணவர் எவரும் காற்றை நினைப்பதில்லை. கலைச்சொல்லாக அது குழப்பமின்றி இயங்குகிறது.

3. மொழிபெயர்ப்பின் வழியே வந்த மாற்றங்கள்

கிரேக்கச் சொற்கள் ஐரோப்பிய மருத்துவத்தை நேர்வழியில் மட்டும் அடையவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் கேலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தனர். அரபியில் வளர்ந்த மருத்துவ நூல்கள் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் லத்தீனுக்குச் சென்றன. இச்சுற்றுப்பயணத்தில் சில கிரேக்கச் சொற்கள் மறைந்து, அவற்றின் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பே நிலைபெற்றது.

மூளையை மூடிய உறைகளின் பெயர்கள் இதற்குச் சான்று. கிரேக்கத்தில் அவை ‘மெனின்க்ஸ்’, அதாவது சவ்வு எனப்பட்டன. அரபு ஆசிரியர்கள் அவற்றைத் ‘தாய்’ என்னும் பொருளுடைய ‘உம்ம்’ என்ற சொல்லால் குறித்து, தடித்ததையும் மெல்லியதையும் அடைமொழியால் வேறுபடுத்தினர். ஒரு பொருள் மற்றொன்றைச் சூழ்ந்து காப்பதை உறவுமுறைச் சொல்லால் உணர்த்துவது அம்மொழியின் இயல்பு. 12ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஸ்டீஃபன், அல்-மஜூசியின் நூலை லத்தீனில் பெயர்த்தபோது இவை ‘டியூரா மேட்டர்’, ‘பியா மேட்டர்’ ஆயின. மெல்லிய என்ற அடைமொழி, பரிவும் பக்தியும் உடைய என்ற பொருள்தரும் ‘பியா’ ஆயிற்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் உள்ள ‘வன்றாயி’, ‘மென்றாயி’ என்னும் சொற்களில் தாய் உருவகம் தொடர்கிறது. பாக்தாதின் உருவகம் லத்தீன் வழியே தமிழ்வரை வந்துள்ளது. அழற்சியைக் குறிக்கும்போது மட்டும் ‘மெனின்ஜைட்டிஸ்’ என்று கிரேக்கச் சொல்லே வழங்குகிறது.

15, 16ஆம் நூற்றாண்டுகளின் மனிதநேயக் கல்வியாளர்கள் அரபு வழிச் சொற்களைக் களைந்து கிரேக்க மூலங்களுக்குத் திரும்ப முயன்றனர். வெனிஸ் நகரின் ஆல்டைன் அச்சகம் 1525இல் கேலனின் நூல்களையும் 1526இல் ஹிப்போகிரட்டீஸ் தொகுதியையும் கிரேக்கத்தில் அச்சிட்டது. மருத்துவ மொழியில் கிரேக்கம் மீண்டும் தலைமை பெற்றமைக்கு இவ்வெளியீடுகள் அடித்தளமாயின. ஆனால் அப்போது கிரேக்கம் மருத்துவரின் பேச்சுமொழியாக இல்லை. கற்று அறியும் மொழியாகவே இருந்தது. அதன் சொற்கள் அன்றாட வழக்கிலிருந்து அறுபட்டிருந்தமையால், புதிய பொருளை ஏற்றுதற்கு அவை எளிதில் இடம்கொடுத்தன.

4. பின்னொட்டுகள் நோய்வகைக் குறிகளான வரலாறு

இப்போக்கைப் பின்னொட்டுகளில் தெளிவாகக் காணலாம். ‘-ஈதிஸ்’ என்பது கிரேக்கத்தில் பெண்பால் பெயரடை விகுதி. ‘அதற்குரிய’ என்பதே அதன் பொருள். நோயைக் குறிக்கும் ‘நோசோஸ்’ பெண்பாற் சொல்லாதலால், ‘ஆர்த்ரீதிஸ் நோசோஸ்’ என்றால் மூட்டுக்குரிய நோய், ‘நெஃப்ரீதிஸ் நோசோஸ்’ என்றால் சிறுநீரகத்துக்குரிய நோய். பின்னர் ‘நோசோஸ்’ தொக்கு, பெயரடையே பெயராயிற்று. அழற்சி என்ற பொருள் இவ்விகுதியில் எங்கும் இல்லை. கிரேக்கர் அழற்சிக்கு வழங்கிய சொல் ‘ஃப்ளெக்மொனே’; அது ‘எரித்தல்’ என்ற வினையடிப் பிறந்தது.

18ஆம் நூற்றாண்டில் நோய்களைத் தாவரவியல் முறையில் வகைப்படுத்தும் முயற்சிகள் தோன்றின. எடின்பரோவின் வில்லியம் கல்லன் 1769இல் வெளியிட்ட வகைப்பாட்டில், காய்ச்சலோடு கூடிய அழற்சிகளைத் தனி வரிசையாக்கி, இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றின் நோய்களை இவ்விகுதி கொண்ட பெயர்களால் அடுக்கினார். ஒரே வரிசையில் ஒரே விகுதி திரும்பத் திரும்ப வந்தமையால், வரிசையின் பொருள் விகுதியின் மேல் ஏறிற்று. 1886இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் குடல்வால் அழற்சியை விளக்கியபோது, ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என லத்தீன் பெயரோடு இவ்விகுதியை இணைத்தார். மொழித்தூய்மை நோக்குவோர் இக்கலப்பை ஏற்கத் தயங்கலாம். ஆனால் அதற்குள் விகுதி ஒரு மொழியின் இலக்கணக் கூறாக இல்லாமல், மருத்துவத்தின் குறியீடாக மாறிவிட்டிருந்தது.

‘-ஓமா’ என்பதன் வரலாறும் இத்தகையதே. வினையின் விளைவைக் குறிக்கும் பொதுவான பெயர் விகுதி அது. 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக ருடால்ஃப் ஃபிர்கோ 1863 முதல் 1867 வரை வெளியிட்ட கட்டிகள் பற்றிய விரிவுரைகளின் செல்வாக்கால், அது கட்டியைக் குறிக்கும் விகுதியாக உறுதிபெற்றது. பழைய பொருளில் அமைந்த சொற்கள் அழியவில்லை. எனவே ‘லிப்போமா’ கொழுப்புக்கட்டியாக இருக்க, ‘க்ளுக்கோமா’, ‘ட்ரக்கோமா’ ஆகியவை கட்டியோடு தொடர்பில்லாத கண்நோய்களாக உள்ளன. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர் இடறும் இடம் இது. இவ்விடர்ப்பாட்டுக்கு விடை சொற்பிறப்பில் இல்லை, சொல்வரலாற்றில் உள்ளது.

5. புதிய சொற்களும் பொருந்தாப் பொருள்களும்

பண்டைச் சொற்களில் மட்டுமன்றி, கிரேக்கக் கூறுகளால் புதிதாக ஆக்கப்பட்ட சொற்களிலும் மூலப்பொருள் தளர்ந்தே காணப்படுகிறது. 1741இல் நிக்கோலா ஆந்திரி ஆக்கிய ‘ஆர்த்தோபீடி’ என்பதில் ‘நேரான’, ‘குழந்தை’ என்னும் இரு கூறுகள் உள்ளன. குழந்தைகளின் உடற்கோணலைத் தடுப்பதும் திருத்துவதும் அவர் நூலின் பொருள். இன்று அத்துறை எல்லா வயதினரின் எலும்பு, மூட்டு மருத்துவமாக விரிந்துள்ளது. தமிழில் ‘எலும்பு மருத்துவம்’ என வழங்குவது கிரேக்கக் கூறுகளைப் புறந்தள்ளித் துறையின் இன்றைய எல்லையை ஒட்டி நிற்கிறது.

ரெனே லென்னெக் 1816இல் உருவாக்கி, 1819இல் நூல்வழி அறிமுகப்படுத்திய ‘ஸ்டெதஸ்கோப்’ என்பதன் நேர்ப்பொருள் ‘மார்பு நோக்கி’. கேட்பதற்கான கருவி காண்பதற்கான வினையால் பெயர்பெற்றது. ‘இதயத்துடிப்புமானி’ என்ற தமிழ் வழக்கும் முற்றும் பொருந்துவதன்று. இக்கருவி எதையும் அளப்பதில்லை, இதய ஒலியை மட்டும் உணர்த்துவதும் இல்லை. லென்னெக் அதே 1819ஆம் ஆண்டு நூலில் வழங்கிய ‘சிர்ரோசிஸ்’ என்ற பெயர், நோயுற்ற கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைச் சுட்டியது. பின்வந்தோர் அந்நோயின் அடிப்படை நார்த்திசு மிகுதலே என்று கண்டனர். நிறத்தைச் சுட்டிய சொல் திசு மாற்றத்தின் பெயராயிற்று. 1828இல் ஹோப்ஃப் என்பாரின் ஆய்வேட்டுத் தலைப்பில் இடம்பெற்ற ‘ஹீமோஃபிலியா’ என்பதன் நேர்ப்பொருள் ‘குருதி விருப்பம்’. இதனைக் கூறுகூறாகப் பெயர்த்திருந்தால் தமிழில் எவருக்கும் பொருள் விளங்கியிராது. ‘இரத்தம் உறையாமை’ என்ற தமிழ் வழக்கு நோயின் இயல்பைச் சொல்கிறது.

உறுப்புப் பெயர்களில் ஒழுங்கு காண்பதற்கு 1895இல் பாசல் நகரில் ஒரு பொதுப்பட்டியல் ஏற்கப்பட்டது. அப்போது வழக்கில் இருந்த சுமார் 50,000 பெயர்கள் ஏறத்தாழ 5,000 ஆகக் குறைக்கப்பட்டன. பட்டியல் லத்தீனில் அமைந்தது. நோய்ப்பெயர்களும் அறுவை முறைகளின் பெயர்களும் கிரேக்கத்திலேயே தொடர்ந்தன. சிறுநீரகத் தமனி லத்தீன் ‘ரென்’ அடியிலும் சிறுநீரக அழற்சி கிரேக்க ‘நெஃப்ரோஸ்’ அடியிலும் பெயர்பெறுவது இப்பகுப்பின் விளைவு. ஓர் உறுப்புக்கு இரண்டு அடிச்சொற்கள் என்னும் இச்சுமை தமிழுக்கு இல்லை. ‘சிறுநீரகத் தமனி’, ‘சிறுநீரக அழற்சி’ என ஓரடியே இரண்டிலும் வருகிறது.

6. தமிழாக்கத்திற்கான படிப்பினை

மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் தொடக்ககால முயற்சிகளுள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது முதன்மையானது. 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக இலங்கை வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மாணவர்களுக்குத் தமிழில் மருத்துவம் பயிற்றினார், பாடநூல்களையும் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயர்களே அவர் கையாண்ட வழிகளைக் காட்டுகின்றன. ‘இரண வைத்தியம்’ வழக்கிலிருந்த சொற்களால் அமைந்தது. அறுத்துப் பகுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்க ‘அனட்டோமே’ என்பதன் இடத்தில் வந்த ‘அங்காதிபாதம்’ உறுப்பை முன்னிறுத்துகிறது; அறுத்தல் என்ற பொருள் அதில் இல்லை. ‘கெமிஸ்தம்’ ஒலிபெயர்ப்பு. ஒரே கொள்கையை எல்லாச் சொற்களுக்கும் பொருத்தாமல், சொல்லுக்கேற்ற வழி தேடப்பட்டமை இங்குத் தெளிவாகிறது.

கிரேக்க விகுதிக்கு இணையாகத் தமிழில் முழுமையாக நிலைபெற்றது ‘அழற்சி’. அழல் என்னும் தீப்பெயரிலிருந்து வந்த இச்சொல், பொருளளவில் ‘ஃப்ளெக்மொனே’ என்பதற்கும், சுடரைக் குறிக்கும் ‘ஃப்ளம்மா’ அடியாகப் பிறந்த லத்தீன் ‘இன்ஃப்ளமாசியோ’ என்பதற்கும் நெருக்கமானது. ‘-ஐட்டிஸ்’ என்பதன் நேர்மொழிபெயர்ப்பாக அமையாமல், அதன் இன்றைய வரையறைக்கு இணையாக அமைந்ததே இதன் வெற்றிக்குக் காரணம். கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி, மூட்டழற்சி என எவ்வுறுப்போடும் அது தடையின்றி இணைகிறது. மற்றொரு நன்மையும் உண்டு. வயது முதிர்வில் வரும் மூட்டு நோய்க்கு மேலைவழக்கு ‘ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்’ என விகுதியின் பழம்பொருளைச் சுமந்து நிற்க, தமிழில் ‘மூட்டுத் தேய்மானம்’ என்ற வழக்கு நோயின் போக்கை நெருங்கிச் சொல்கிறது.

ஆயினும் பொருள் விளங்கும் சொல் எப்போதும் பாதுகாப்பானதன்று. ‘க்ளுக்கோமா’ என்பதன் அடிச்சொல் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தைக் குறிப்பது. நோயின் தன்மையை அது கூறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் கண்ணின் உள்ளழுத்தம் இந்நோயின் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. தமிழில் வழங்கும் ‘கண் அழுத்த நோய்’ அவ்விளக்கத்தையே பெயராக்குகிறது. பின்னர், அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போதும் இந்நோய் பார்வை நரம்பைச் சிதைக்கக்கூடும் என்பது அறியப்பட்டது. கிரேக்கப் பெயருக்கு இதனால் இடர் இல்லை. அது எவ்விளக்கத்தையும் சுமக்கவில்லை. தமிழ்ப்பெயரோ ‘அழுத்தம் இயல்பாக உள்ள கண் அழுத்த நோய்’ என்ற முரணுக்கு இட்டுச்செல்கிறது. அழுத்தம் இயல்பாக இருக்கிறது என்று அறிந்த நோயாளி, தமக்கு நோயில்லை எனக் கருதிச் சிகிச்சையைக் கைவிடவும் இப்பெயர் இடந்தரக்கூடும். கலைச்சொல் பற்றிய ஆய்வு மொழியியலோடு நின்றுவிடாமல் நோயாளியின் நலத்தையும் தொடுவது இத்தகைய இடங்களில்தான்.

‘லுகேமியா’ என்பதையும் இங்கு நோக்கலாம். 1847இல் ஃபிர்கோ வழங்கிய இப்பெயர் ‘வெண்குருதி’ என்ற பொருளுடையது. தமிழின் ‘இரத்தப் புற்றுநோய்’ நோயின் வகையை உடனே உணர்த்துகிறது. ஆனால் நிணநீர்த் திசுவிலும் எலும்பு மச்சையிலும் தோன்றும் பிற புற்றுகளும் இதே பெயரின்கீழ் அடங்குவதால், வேறுபடுத்த வேண்டிய இடத்தில் அச்சொல் போதாமலாகிறது.

கோட்பாடு மாறினும் நிலைக்கும் சொற்களை ஆக்கும் ஆற்றல் தமிழுக்குப் புதிதன்று. ‘நீரிழிவு’ இதற்குத் தக்க சான்று. ‘டயாபெட்டீஸ்’ என்னும் கிரேக்கச் சொல் ‘ஊடே கடந்து செல்லுதல்’ என்ற வினையின் வழிவந்தது. கப்படோசியாவின் அரெட்டேயஸ், பருகிய நீர் உடலில் தங்காது வெளியேறுவதை இப்பெயரோடு பொருத்தி விளக்கினார். தமிழ்ப்பெயரும் நீர் மிகுதியாக வெளியேறும் அறிகுறியையே சுட்டியது. இன்சுலின் பற்றிய அறிவு வளர்ந்த பின்னரும் இரண்டு பெயர்களும் மாற்றப்படவில்லை. அறிகுறியைச் சொன்ன பெயர்கள் இன்று அந்நோயின் முழு வரையறையையும் தாங்குகின்றன.

முடிவுரை

கிரேக்கச் சொற்கூறுகள் மருத்துவத்தில் நீடித்தமைக்கு அவற்றின் மூலப்பொருள் காரணமன்று. தமனியில் காற்று இல்லை என்று தெரிந்த பின்னும், பெயரடை விகுதி அழற்சிக் குறியான பின்னும், நிறப்பெயர் நரம்புச் சிதைவின் பெயரான பின்னும் அவை நிலைத்தன. மருத்துவர்கள் ஒன்றுகூடி ஏற்ற வரையறையும், கூறுகள் ஒன்றோடொன்று எளிதில் இணையும் தன்மையுமே அவற்றின் வலிமை.

இதிலிருந்து தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மொழிபெயர்க்க வேண்டியது கூறின் சொற்பிறப்பை அன்று, அதன் இன்றைய வரையறையை. இரண்டாவது, ‘அழற்சி’ போன்று பல சொற்களோடு இணையும் கூறுகளை ஒரே பொருளில் ஒரே வடிவில் வழங்குவது, தனித்தனிச் சொற்களின் அழகினும் முதன்மையானது. மூன்றாவது, காரணம் இன்னும் ஆராயப்பட்டுவரும் நோய்க்குக் காரணத்தைப் பெயராக்குவதினும், நிலையான அடையாளத்தைப் பெயராக்குவது நீண்டகாலம் பயன்படும். தமனியும் புற்றும் நீரிழிவும் இவ்வழியில் ஏற்கெனவே வேரூன்றியுள்ளன. இனி ஆக்கப்படும் சொற்களுக்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்கவை அவையே.